தன் பெயரை நீக்கச் சொன்னவர்

1939 மே 2ஆம் தேதி. டெட்ராய்ட் நகரத்தின் புக்-காடிலாக் ஹோட்டலில் நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி தங்கியிருந்தது. ஆட்டத்துக்கு முன்பு மேலாளர் ஜோ மெக்கார்த்தியைத் தேடிப் போனார் அணித்தலைவர் லூ கெரிக். இன்று என்னைச் சேர்க்க வேண்டாம், அணியின் நன்மைக்காகவே சொல்கிறேன் என்றார். 1925 ஜூன் 1 முதல் அந்த அணி ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் இருந்திருக்கிறார். மொத்தம் 2,130 ஆட்டங்கள். பதினான்கு ஆண்டுகளில் ஒருநாள்கூட அவர் பெயர் விடுபட்டதில்லை.

பிற்பகலில் ஆடுவோர் பட்டியலை நடுவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். அது தலைவரின் வேலை. அந்தத் தாளில் முதல் பேஸுக்கு நேரே பேப் டால்கிரென் என்று எழுதியிருந்தது. ஒலிபெருக்கியில் செய்தி சொல்லப்பட்டதும் எதிரணியின் ஊர்க்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். கெரிக் திரும்பி வந்து அணியினர் அமரும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். யாங்கீஸ் அன்று 22–2 என்று வென்றது. அவ்வளவு பெரிய முன்னிலையில், சற்று நேரமாவது களமிறங்கச் சொல்லி டால்கிரெனே கெஞ்சிப் பார்த்தார். கெரிக் இறங்கவில்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அனேகமாக இரண்டு மாதம் தாண்டி ஜூலை 4ஆம் தேதிக்குப் போய்விடுவார்கள். நியூயார்க் மைதானத்தில் அறுபதாயிரம் பேர் முன்னால் அவர் பேசிய விடைபெறும் உரை, அமெரிக்கர்கள் பள்ளிக்கூடத்திலேயே அறிந்துகொள்ளும் ஒன்று. அந்த உரையின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் அந்த மனிதரின் உச்சம் என்று ஒன்றைச் சுட்டச் சொன்னால், தன் பெயரில்லாத தாளைத் தானே சுமந்துபோய் நடுவரிடம் கொடுத்ததைத்தான் சுட்டுவேன். அன்று அவருக்குத் தன் நோயின் பெயர் தெரியாது. நோய் என்று ஒன்று இருப்பதுகூட உறுதியாகத் தெரியாது. தன்னால் முடியவில்லை என்பது மட்டும்தான் தெரியும். காரணம் சொல்ல ஏதுமில்லாமல் முடியவில்லை என்று ஒப்புக்கொள்வது எவ்வளவு கடினம் என்பது, உடலை நம்பிப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்.

உடலை நம்பிப் பிழைத்த குடும்பம்தான் அவருடையது. தந்தை ஹைன்ரிக், தாய் கிறிஸ்டினா, இருவரும் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். தகரம் அடிக்கும் தொழிலாளியான தந்தைக்குப் பாதி நாள் உடம்பு சரியிருக்காது, குடிப்பழக்கமும் இருந்தது. தாய்தான் பிறர் வீட்டில் சமைத்தும் துணி துவைத்தும் குடும்பத்தைக் காப்பாற்றினார். பிறந்த நான்கு பிள்ளைகளில் மிஞ்சியவர், 1903 ஜூன் 19ஆம் தேதி மன்ஹாட்டனில் பிறந்த லூ மட்டுமே. மற்ற மூவரையும் பறிகொடுத்த தாய் எஞ்சிய ஒரு மகனை எப்படி வளர்த்திருப்பார் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். மகன் பொறியாளராக வேண்டும் என்பது அவருடைய கனவு. கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களின் விடுதி ஒன்றில் அவர் சமையல் வேலை பார்த்தார். அதே பல்கலைக்கழகத்தில் மகனுக்கு அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கான உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. தாய் சமைத்ததை மகன் சக மாணவர்களுக்குப் பரிமாறியிருக்கிறார்.

1923இல் யாங்கீஸ் அணிக்கு ஆள் தேடும் பால் கிரிசெல் என்பவர் அவர் மட்டை வீசுவதைப் பார்த்தார். ஒப்பந்தத்தில் கையெழுத்திட 1,500 டாலர் முன்பணம். வீட்டில் நோய், கடன். படிப்பு பாதியில் நின்றது. அந்தத் தாய் முதலில் வருந்தினார், பிறகு மகன் ஆடுவதைப் பார்க்க மைதானத்துக்கே வர ஆரம்பித்தார்.

அவர் ஆடிய இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நோய் வெளிப்பட்டதும் அந்த இடத்தில்தான். பேஸ்பாலில் அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் முனை முதல் பேஸ். அவர் வந்து சேர்வதற்குள் பந்து அங்கே நிற்பவரின் கைக்கு வந்துவிட்டால் அடித்தவர் ஆட்டமிழப்பார். ஆகவே தரையோடு உருண்டோடும் பந்தை யார் எடுத்தாலும் முதல் பேஸ்காரரை நோக்கித்தான் எறிவார்கள். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை காலை நீட்டி, குனிந்து, எம்பி அந்தப் பந்துகளை வாங்க வேண்டும். அன்றைக்கு ஒரு பருவத்துக்கு 154 ஆட்டங்கள். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் வரை அனேகமாகத் தினமும் ஆட்டம். சில நாள் அடுத்தடுத்து இரண்டு. ஊருக்கு ஊர் ரயிலில்தான் பயணம். தலைக்கவசம் கிடையாது.

1925 ஜூன் 1ஆம் தேதி பீ வீ வானிங்கர் என்பவருக்குப் பதிலாக ஒருமுறை மட்டை பிடிக்கத்தான் கெரிக்கை அனுப்பினார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், தொடர்ந்து 1,307 ஆட்டங்கள் ஆடிச் சாதனை வைத்திருந்த எவரெட் ஸ்காட்டை உட்காரவைத்துவிட்டு அவர் இடத்தில் அந்த வானிங்கரை இறக்கியிருந்தார் அப்போதைய மேலாளர் மில்லர் ஹக்கின்ஸ். மறுநாள் முதல் பேஸ்காரரான வாலி பிப்பையும் உட்காரவைத்து அந்த இடத்தைக் கெரிக்குக்குக் கொடுத்தார். பிப்புக்குத் தலைவலி, அதனால் ஒருநாள் ஓய்வு கேட்டார், வேலையே போயிற்று என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் அணி தோற்றுக்கொண்டே இருந்தது, ஹக்கின்ஸ் பல பேரை மாற்றினார், அவ்வளவுதான். இந்தக் கதையின் நீதி என்று எல்லாரும் சொல்வது, ஒருநாள்கூட உன் இடத்தை விட்டுக்கொடுக்காதே என்பது. கெரிக்கின் மனத்திலும் அது பதிந்திருக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு வேலை போய்விடும் என்ற அச்சத்தைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்குப் பின் நடந்ததை எண்களில் சொல்வது எளிது. பந்தை எல்லைக்கு வெளியே அடித்துவிடும் ஹோம் ரன் 493. வாழ்நாள் மட்டைச் சராசரி .340. 1927இலும் 1936இலும் தம் லீகின் மிகச் சிறந்த வீரர் பட்டம். 1934இல் சராசரி, ஹோம் ரன், தம் அடியால் அணிக்குச் சேர்த்த ஓட்டங்கள் என்ற மூன்றிலும் முதலிடம். ஆறு உலகத் தொடர் (வேர்ல்ட் சீரிஸ்) வெற்றிகள். 1932 ஜூன் 3ஆம் தேதி பிலடெல்ஃபியாவில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்கன் லீகில் அதைச் செய்த முதல் ஆள் அவர். அன்றுதான் நியூயார்க்கின் இன்னொரு அணியை முப்பதாண்டு ஆண்ட ஜான் மெக்ரா ஓய்வை அறிவித்தார். மறுநாள் செய்தித்தாள்களில் பெரிய எழுத்து மெக்ராவுக்குப் போயிற்று.

இது அவர் வாழ்க்கை முழுதும் நடந்தது. அவருக்கு முன்னால் மட்டை பிடித்தவர் பேப் ரூத். ரூத் மூன்றாவது, கெரிக் நான்காவது. சட்டை எண்களும் அப்படியே 3, 4. ரூத் ஆடினாலும் செய்தி, குடித்தாலும் செய்தி, சண்டையிட்டாலும் செய்தி. கெரிக் ஆட்டம் முடிந்தால் அம்மா சமைத்ததைச் சாப்பிட வீட்டுக்குப் போனார். முப்பது வயதில் சிக்காகோவைச் சேர்ந்த எலினோரை மணந்துகொள்ளும்வரை பெற்றோரோடுதான் இருந்தார். இதைக் குறையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அப்படித் தோன்றவில்லை. புகழ் இன்னொருவர் மேல் விழும்போது தன் வேலையைக் குறைவில்லாமல் செய்வது ஒரு குணம். அந்தக் குணம் இல்லாதவரால் 1939இல் அந்த முடிவை எடுத்திருக்க முடியாது.

ஆனால் 2,130 என்ற எண்ணை நான் மற்றவர்களைப் போலக் கொண்டாடத் தயங்குகிறேன். ஒருமுறை அவர் கைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பழைய எலும்பு முறிவுகள் 17 தெரிந்தன. ஒவ்வொன்றும் அவர் ஓய்வெடுக்காமல் ஆடிக்கொண்டிருக்கும்போதே சேர்ந்தவை. 1934 ஜூன் இறுதியில் நார்ஃபோக்கில் கணக்கில் சேராத ஓர் ஆட்டத்தில் பந்து தலையில் பட்டு நினைவிழந்து விழுந்தார். மறுநாள் வாஷிங்டனில் வீங்கிய தலைக்குப் பெரிய தொப்பி ஒன்றைத் தேடி மாட்டிக்கொண்டு ஆடினார். இரண்டு வாரம் கழித்து டெட்ராய்டில் முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் பாதியில் வெளியேறினார். மறுநாள் தொடர் அறுபடக் கூடாது என்பதற்காக அவர் பெயரை முதல் மட்டைக்காரராக எழுதினார்கள். ஒரு பந்தை அடித்து முதல் பேஸ்வரை போனதும் வேறொருவரை இறக்கிவிட்டு அவரைப் படுக்கைக்கு அனுப்பினார்கள். அது அதே மைதானம். அன்றும் மேலாளர் அதே மெக்கார்த்தி.

ஐந்தாண்டுக்குப் பிறகு அதே இடத்தில் அதைவிட எளிதாக அந்த எண்ணைக் காப்பாற்றியிருக்கலாம். மெக்கார்த்தி அவரை ஒருபோதும் நீக்கியிருக்க மாட்டார். அந்த முடிவு உன்னுடையது என்றே அவர் காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் ஒருமுறை மட்டை பிடித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தால், கோடையின் பாதிவரை அந்த எண் வளர்ந்திருக்கும். 1934இல் எண்ணுக்காக உடலை இழுத்துவந்த மனிதர், 1939இல் அணிக்காக எண்ணை விட்டார். இடையில் என்ன நடந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

நம் தசைகள் தாமாக அசைவதில்லை. தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும் இருக்கும் இயக்க நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் ஒரு கொத்துத் தசைநார்களை இயக்குகின்றன; அவற்றுக்கு மூளையின் மேற்பகுதியிலிருந்து கட்டளை கொண்டுவரும் நரம்பணுக்கள் வேறு இருக்கின்றன. கெரிக்குக்கு வந்த ஏ.எல்.எஸ். என்ற நோயில் இந்த இரண்டு வகையும் மடிகின்றன. பிரெஞ்சு மருத்துவர் ழான்-மார்த்தென் ஷார்க்கோ 1869இலேயே இதை விவரித்துவிட்டார். நரம்பணு ஒன்று மடிந்தால் அதனிடம் இருந்த தசைநார்கள் அனாதையாகின்றன. பக்கத்தில் பிழைத்திருக்கும் நரம்பணு புதுக் கிளை விட்டு அவற்றையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அதனால் நரம்பணுக்களில் பெரும்பங்கு போகும்வரை நோயாளிக்குப் பலவீனம் தெரிவதில்லை. தெரியும்போது, எஞ்சியிருப்பவை ஏற்கெனவே இரண்டு மூன்று மடங்கு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

1938இல் கெரிக்கின் சராசரி .295க்கு இறங்கியது. ஹோம் ரன் 29. வேறு எவருக்கும் அது பெருமைப்படும் ஆண்டு. அவருக்கு வயதாகிவிட்டது என்றார்கள். அப்போதே நோய் தொடங்கியிருக்க வேண்டும் என்பது அந்த ஆண்டை ஆராய்ந்த பலரின் கணிப்பு. அது சரியென்றால், தேய்ந்துகொண்டிருந்த நரம்புகளை வைத்துக்கொண்டு அந்தப் பருவத்தின் ஒவ்வோர் ஆட்டத்தையும் அவர் ஆடியிருக்கிறார். சாதனை என்று சொன்னால் 1934இன் எண்களைவிட இதைத்தான் சொல்வேன்.

1939 வசந்தத்தில் ஃபுளோரிடாவில் பயிற்சி தொடங்கியபோது நேராக அடித்த பந்துகூடத் தூரம் போகவில்லை. அவர் தடுமாறி விழுந்ததைச் சக வீரர்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் இன்னும் கடுமையாகப் பயிற்சி செய்தார். உழைத்தால் சரியாகிவிடும் என்பதைத்தான் வாழ்க்கை அவருக்குக் கற்பித்திருந்தது. இந்த நோயில் அந்தப் பாடம் பயன்படாது. பருவம் தொடங்கி எட்டு ஆட்டம். 28 முறை மட்டை பிடித்து வெற்றிகரமான அடி நான்கு. ஏப்ரல் 30ஆம் தேதி வாஷிங்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு சாதாரணப் பந்தை எடுத்து, முதல் பேஸுக்கு ஓடிவந்த பந்துவீச்சாளர் ஜானி மர்ஃபியிடம் கொடுத்தார். பள்ளிப் பையனும் செய்யக்கூடியது. மர்ஃபியும் மற்றவர்களும் பிரமாதம் என்று அவர் தோளில் தட்டினார்கள்.

அந்தப் பாராட்டுதான் அவரை முடிவுக்குக் கொண்டுவந்தது. இத்தனை ஆண்டுகளில் அவர் எதிரணியின் ஏச்சைக் கேட்டிருக்கிறார், ரூத்தோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார், சம்பளத்துக்கு வாதாடியிருக்கிறார். இரக்கத்தை மட்டும் கேட்டதில்லை. அவரை நேசித்தவர்கள் அவரைக் குழந்தையைப் போலப் பாராட்டத் தொடங்கிவிட்டார்கள். நோயுற்றவர்கள் வீட்டில் நாமும் இதைத்தான் செய்கிறோம். இரண்டு அடி நடந்தால் கைதட்டுகிறோம். அன்பினால்தான் செய்கிறோம் என்றாலும், அது அவர்கள் காதில் எப்படி விழும் என்று கெரிக்கின் அந்த ஏப்ரல் நாள் நமக்குச் சொல்லித்தருகிறது.

ஜூன் மாதம் மினசோட்டாவில் இருக்கும் மேயோ மருத்துவமனையில் ஒரு வாரம் சோதித்தார்கள். முடிவைச் சொன்னது ஜூன் 19, அவருடைய 36ஆம் பிறந்த நாள். எவ்வளவு சொன்னார்கள் என்பதில்தான் குழப்பம். எலினோர் முழு உண்மையையும் அறிந்தார். கணவரிடம் மென்மையாகச் சொல்லும்படி மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டார். கெரிக் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் இப்போதிருக்கும் நிலையிலேயே நின்றுவிடப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்ற நம்பிக்கை இருக்கிறது. மனைவிக்காக அவர் தெரியாததுபோல் இருந்தாரா, அவருக்காக மனைவி அப்படி இருந்தாரா என்று கேட்டுத் துருவுவது எனக்குப் பிடிக்கவில்லை. மணமாகி ஆறாண்டுகூட ஆகாத இருவர், ஒருவரையொருவர் காப்பாற்ற முயன்றார்கள்.

மருத்துவமனையின் அறிக்கை ஒரு தவறு செய்தது. புரியாத நோயைப் பொதுமக்களுக்கு விளக்குவதற்காக, இது நாள்பட்ட இளம்பிள்ளை வாதத்தின் ஒரு வகை என்று எழுதிவிட்டது. இளம்பிள்ளை வாதம் தொற்றும், ஏ.எல்.எஸ். தொற்றாது. 1940 கோடையில் யாங்கீஸ் தோற்றுக்கொண்டிருந்தபோது ‘நியூயார்க் டெய்லி நியூஸ்’ பத்திரிகையில் ஜிம்மி பவர்ஸ் என்பவர் கெரிக்கின் கிருமி அணி முழுதும் பரவிவிட்டதோ என்று எழுதினார். கெரிக் பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். பத்திரிகை மறுப்பும் மன்னிப்பும் வெளியிட்டது. வழக்கு சமரசத்தில் முடிந்தது. நடக்கவே சிரமப்பட்ட நிலையில் அவர் வழக்காடியதற்குப் பணம் காரணமாக இருக்க முடியாது. ஒரே அறையில் தங்கி, ஒரே தண்ணீர்க் கோப்பையில் குடித்த நண்பர்கள் தன்னைத் தொட அஞ்சக் கூடாது என்பதற்காக என்றே நான் நினைக்கிறேன். வெளிச்சம் அதிகம் படாத இந்த வழக்கு, அவர் கதையில் எனக்கு மிக முக்கியமானது.

இனி ஜூலை 4. இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் பாராட்டு நிகழ்ச்சி. கூட்டம் 61,808 பேர். அவருடைய 4ஆம் எண்ணை இனி எவரும் அணிவதில்லை என்று அறிவித்தார்கள். பேஸ்பாலில் ஒரு வீரருக்காக எண்ணை நிறுத்தியது அதுவே முதல் முறை. பரிசுப் பொருள்களைக் கையில் வைத்திருக்க வலுவில்லாமல் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தார். பேச மறுத்தார், மெக்கார்த்தி அருகில் வந்து சொன்ன பிறகே ஒலிவாங்கியின் முன் நின்றார். தன்னைவிட அதிர்ஷ்டசாலி இந்த உலகில் இல்லை என்ற பொருளில் அவர் சொன்னதை உலகம் எடுத்துக்கொண்டது. அந்தப் பேச்சில் மற்றதெல்லாம் நன்றிப் பட்டியல். மேலாளர்கள், சக வீரர்கள், மைதானத்தைப் பராமரிக்கும் தொழிலாளர்கள், பரிசு அனுப்பிய எதிரணி, மகளை விட்டுக்கொடுத்து மருமகனுக்காகப் பேசும் மாமியார், படிக்கவைத்த பெற்றோர், மனைவி. பேசி முடித்ததும், ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்த ரூத் வந்து கட்டிக்கொண்டார். முழுப் பேச்சின் ஒலிப்பதிவு இல்லை. செய்திப்படத்தில் சில வாக்கியங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன.

இந்த உரை ஒரு தீங்கும் செய்தது என்று சொல்லத் துணிகிறேன். பின்னால் இந்த நோய் வந்த எத்தனையோ பேர், கெரிக்கைப் போல் இன்முகத்தோடு ஏற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்துச் சுமந்தார்கள். அமெரிக்காவில் நோய்க்கே அவர் பெயர்தான். ஆனால் அவரே டெட்ராய்டில் அழுதவர். எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி பெஞ்சில் உட்கார்ந்து அழுதவர். அந்தப் பாதியையும் அவருடைய மரபில் சேர்க்க வேண்டும்.

மேடை முடிந்த பிறகு வந்த இரண்டாண்டுகள்தான் அதிகம் பேசப்படாதவை. நகர மேயர் லகார்டியா அவரைப் பரோல் ஆணையத்தில் பத்தாண்டுப் பதவிக்கு அமர்த்தினார். 1940 ஜனவரியில் பதவியேற்றார். நகரத்துக்குள் குடியிருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகப் பிராங்க்ஸின் ரிவர்டேல் பகுதிக்கு வீட்டை மாற்றினார். கூட்டங்களில் பேசி அதிகம் சம்பாதிக்க அழைப்புகள் இருந்தன, வேண்டாம் என்றார். சிறைகளுக்குப் போனார், பத்திரிகைக்காரர்கள் கூட வரக் கூடாது என்பது அவர் நிபந்தனை. திருட்டு, அடிதடி என்று வந்த இளைஞர்களின் கோப்புகளைப் படித்தார். அவர் முன் நின்றவர்களில் ஒருவர் பின்னாளில் குத்துச்சண்டையில் உலக சாம்பியனான ராக்கி கிராசியானோ; அவரைச் சீர்திருத்தப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பினார் கெரிக். கை முற்றிலும் செயலிழந்தபோது எலினோர் அவர் கையைப் பிடித்துக் கையெழுத்திட உதவினார். சாவதற்குச் சில வாரங்கள் முன்புவரை அந்த வேலையை விடவில்லை.

முதல் பேஸில் தன்னால் பயனில்லை என்று தெரிந்ததும் ஒரே நாளில் எழுந்து வந்தவர், பயன்பட முடிந்த மேசையிலிருந்து எழ மறுத்தார். இரண்டும் ஒரே கணக்கு. எங்கே தன்னால் பிறருக்கு உதவி, எங்கே பாரம் என்று நேர்மையாகப் பார்த்தார். 1934க்கும் 1939க்கும் இடையில் நடந்தது இந்தக் கணக்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஆண்டுகளில் அவர் அணித்தலைவராகவும் ஆகியிருந்தார்.

1941 ஜூன் 2ஆம் தேதி இரவு ரிவர்டேல் வீட்டில் இறந்தார். வயது 37. தந்தை மேலும் ஐந்தாண்டு, தாய் மேலும் பதின்மூன்று ஆண்டு வாழ்ந்தார்கள். நான்கு பிள்ளைகள் பெற்ற கிறிஸ்டினாவுக்கு ஒருவரும் மிஞ்சவில்லை. எலினோர் மறுமணம் செய்யவில்லை. 1984இல் சாகும்வரை இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்குக் குரல்கொடுத்தார். 1942இல் கேரி கூப்பர் நடித்து கெரிக்கின் வாழ்க்கை திரைப்படமாக வந்தது. 1995 செப்டம்பரில் கால் ரிப்கென் என்ற வீரர் தமது 2,131ஆவது தொடர் ஆட்டத்தை ஆடினார். உடையவே உடையாது என்று நினைத்த எண் உடைந்தது. கெரிக்கின் பெயர் அதனால் மங்கவில்லை. எண் அவருடைய பெருமையே அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

2010இல் ஓர் ஆய்வு வந்தது. தலையில் மீண்டும் மீண்டும் அடிபட்ட விளையாட்டு வீரர்கள் சிலருக்கு ஏ.எல்.எஸ். போன்றே தோன்றும் நோய் வருவதாக அது சொன்னது. அப்படியானால் கெரிக்குக்கு வந்தது கெரிக் நோய்தானா என்று செய்தித்தாள்கள் கேட்டன. நார்ஃபோக்கில் விழுந்த அடியை நினைத்தால் கேள்வி அர்த்தமற்றதல்ல. ஆனால் உடலை எரித்துவிட்டார்கள். விடை கிடைக்க வழியில்லை.

விடை வேண்டிய கேள்விகள் வேறு. 1995இல் வந்த ரிலுசோல் என்ற மருந்து சில மாதங்கள் ஆயுளைக் கூட்டுகிறது. பெரும்பாலோர் நோய் தெரிந்து இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் இறக்கிறார்கள். இயற்பியலாளர் ஸ்டீஃபன் ஹாக்கிங் இந்த நோயோடு அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தது மிக அரிய விலக்கு. 2014இல் இந்த நோய்க்கு நிதி திரட்டத் தலையில் பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் அறைகூவல் உலகெங்கும் பரவியது. அதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பீட் ஃப்ரேட்ஸ், இந்த நோய் கண்ட கல்லூரி பேஸ்பால் வீரர். அமெரிக்க ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு மட்டும் 11.5 கோடி டாலர் சேர்ந்தது. அந்தப் பணம் உதவிய ஆய்வொன்று 2016இல் நோயோடு தொடர்புள்ள புதிய மரபணு ஒன்றை அடையாளம் கண்டது. 2023இல் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுக் கோளாறால் நோய் வந்தவர்களுக்கென ஒரு மருந்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அவர்கள் நோயாளிகளில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில்தான். வழி திறந்திருக்கிறது, குறுகலாக.

இந்த நோயின் வரலாற்றில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், ராமமூர்த்தி ஆகிய சென்னை மருத்துவர்கள், இளவயதினரைத் தாக்கி, முக நரம்புகளையும் பல சமயம் செவியையும் பாதித்து, ஆனால் மிக மெதுவாக முற்றும் ஒருவகை இயக்க நரம்பணு நோயை 1970இல் விவரித்தார்கள். மருத்துவ நூல்களில் அது இன்றும் மெட்ராஸ் பெயரிலேயே இருக்கிறது. அத்தகைய ஆய்வு நடந்த மண்ணில், கை இளைத்தவர்கள் எலும்பு மருத்துவரிடமும் கழுத்து எலும்புச் சிகிச்சையிலும் மாதங்களைத் தொலைத்துவிட்டுத்தான் நரம்பியல் மருத்துவரிடம் வந்துசேர்கிறார்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வலியே இல்லாமல் ஒரு கை இளைத்தால், சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போனால், நடக்கும்போது ஒரு காலில் மட்டும் செருப்பு கழன்றுகொண்டே இருந்தால், பேச்சு குழறத் தொடங்கினால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் தெருவில் இந்த நோய் கண்டவர் இருந்தால் போய்ப் பாருங்கள். இது தொற்றாது. நாக்கு அசையாவிட்டாலும் நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்கும். நீங்கள் தொடுவது தெரியும். கூட வந்தவர்களிடம் அவரைப் பற்றிப் பேசாமல் அவரிடமே பேசுங்கள். செய்ய முடிந்த வேலை ஏதாவது இருந்தால் அதை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள்.